ரங்கூனில் என்டகபோன் கிடைக்குமா? (மோல்மேனிலிருந்து)

வணக்கம். அப்பாவுக்கு வயது 71, பார்க்கின்சன். லெவோடோபா 100, கார்பிடோபா 25 சேர்ந்த மாத்திரை காலை 6, 10, பகல் 2, மாலை 6 மணிக்கு. ஒவ்வொரு வேளையோடும், லெவோடோபாவின் வேகம் நீடிக்க, என்டகபோன் 200 மி.கி. சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைத் தவிர அதனால் தொந்தரவே இல்லை.

போன மாதத்திலிருந்து இங்கே எந்தக் கடையிலும் என்டகபோன் இல்லை. இப்போது இரண்டரை மணி நேரத்திலேயே மருந்தின் வேகம் இறங்கிவிடுகிறது. கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது, வலக்கை நடுக்கம், 2 மணி வேளைக்கு முன் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை.

டாக்டர் சொல்லி லெவோடோபாவை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தோம்; கழுத்தும் தோளும் தானாக நெளிய ஆரம்பித்தன, நிறுத்திவிட்டோம். பார்க்கின்சனுக்கான இன்னொரு மருந்து ரசாஜிலின் 1 மி.கி. ஏற்கெனவே உண்டு. புரதம் லெவோடோபா உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால் மொஹிங்கா, மீன், பருப்பையெல்லாம் ராத்திரிக்கு மாற்றியதில் காலை வேளை மட்டும் கொஞ்சம் தேவலை. லெவோடோபா, கார்பிடோபா, என்டகபோன் மூன்றும் சேர்ந்த மாத்திரையில் கிடைத்தது லெவோடோபா 150 உள்ளது. அளவு கூடுதல், அதை உடைத்தும் கொடுக்கக் கூடாது. என்டகபோன் வகையைச் சேர்ந்த டோல்கபோனுக்கு அடிக்கடி கல்லீரல் சோதனை வேண்டும், டாக்டர் வேண்டாம் என்கிறார். படுக்கும் நேரத்தில் ஒரே வேளை, அதே வகை ஓபிகபோன் 50 மி.கி.க்கு அவர் சம்மதம்.

என்டகபோன் 200 அல்லது ஓபிகபோன் 50, ரங்கூனில் இப்போது எந்தக் கடையில் இருக்கிறது?