விரல் தூக்க 17 பேரு, வெளக்கமாறு தூக்க 6 பேரு: குரூப்ல இப்படிப் போட்டுட்டேன், இப்போ என்ன பண்றது?

காவேரிப்பட்டணம் பக்கத்து அம்மா:
எங்க ஊரு நடுநிலைப் பள்ளியில பள்ளி மேலாண்மைக் குழு மெம்பர் நான். 2024-ல குழுவைப் புதுசா அமைச்சப்போ 24 பேர்ல ஒருத்தியா வந்தேன். ஜூன்ல பள்ளி திறக்கறதுக்கு முந்தின சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து சுத்தம் பண்ணலாம்னு வாட்ஸப் குரூப்ல போட்டோம். 17 பேரு கட்டைவிரல் போட்டாங்க. வந்தது 6 பேரு. முள்ளு வெட்டி, கழிப்பறை கழுவி, கடைசியில தண்ணித் தொட்டி மூடியைத் திறந்தா உள்ள ஓணான் செத்து மெதக்குது. அதை எடுத்துப் போட்டு, தொட்டியைத் தேய்ச்சு முடிக்கிறப்போ மணி ரெண்டு. அந்தக் கடுப்புல தலைப்புல இருக்கற வரியைப் போட்டேன். கூடவே, "பேருக்கு மெம்பரா இருக்கறவங்க எழுதிக் குடுத்துட்டுப் போகலாம்"னும்.

யாரு பேரையும் சொல்லல. ஆனா எங்க தெரு அக்கா ஒருத்தங்க அன்னிக்கு ராத்திரியே குரூப்பை விட்டுப் போயிட்டாங்க. மாங்கா சீசன்ல அவங்க கூழ் ஃபேக்டரிக்கு நைட் ஷிஃப்ட் போறவங்க. அன்னிக்குக் காலையிலதான் வந்து படுத்திருக்காங்க. எனக்குத் தெரியாத விஷயம் இல்ல, எழுதும்போது நெனப்பு வரல. அப்புறம் ரேஷன் கடை வரிசையில பார்த்தேன். பெங்களூரா மாங்கா பால் பட்டு ரெண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் கறுத்து, தோலு உரிஞ்சு கெடந்துச்சு. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க.

அன்பா பேசுங்க, நல்லதையே பேசுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. வராதவங்களுக்கும் "சூப்பர்"னு போட்டு பூ பொம்மை அனுப்பணுமா? எனக்கு அது வராதுங்க.

ஓய்வுபெற்ற ஆசிரியர், அரூர்:
அம்மா, பூ பொம்மை வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவுல நாலுல மூணு பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். நம்ம பக்கம் அதுல முக்கால்வாசி கூலிக்குப் போறவங்க. வேலை நாள்ல ஒரு கூட்டத்துக்கு வந்தாலே அரைநாள் கூலி போச்சு. நானும் அந்தக் காலத்துல கூட்டம் ஆரம்பிக்கும்போது யார் யார் வரலன்னு சத்தமா வாசிப்பேன். அடுத்த கூட்டத்துக்கு இன்னும் ரெண்டு பேரு குறைவாங்க. அப்புறம் வாசிக்கிறதை விட்டுட்டு, "இன்னும் தொட்டி ஒண்ணு மிச்சம், காம்பவுண்ட் ஓரம் மிச்சம்"னு மட்டும் சொல்ல ஆரம்பிச்சேன். ஆளைச் சொல்லாம வேலையைச் சொன்னா யாராவது ஒருத்தர் எடுத்துக்குவாங்க. வந்தவங்களைப் பேர் சொல்லிப் பாராட்டுங்க. வராதவங்ககிட்ட கேக்கணும்னா அவங்க வீட்டுத் திண்ணையில கேளுங்க.

தர்மபுரிக்காரன்:
சார் சொல்றது சரி. ஆனா எல்லா ஊர்லயும் அதே ஆறு பேருதான் முதுகு ஒடியறாங்க, அதையும் யாராவது சொல்லணும்ல? அக்கா, நீங்க கோவப்பட்டதுல எனக்குத் தப்பு தெரியல. அந்த "எழுதிக் குடுத்துட்டுப் போகலாம்"தான் குத்திடுச்சு. அதுவரைக்கும் கிண்டல், அதுக்கு மேல ஆளை வெளிய தள்ற பேச்சு.

ஓசூர் அம்மா:
நாங்க வீட்டுல தெலுங்கு. தமிழ் பேசுவேன், படிக்க நேரமாகும், டைப் பண்ண வராது. குரூப்ல நீளமா ஏதாவது வந்தா பையன்கிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்லிட்டு கட்டைவிரல் போடுவேன். "பார்த்துட்டேன்"னு அர்த்தம், "வர்றேன்"னு இல்ல. உங்க 17-ல என்னை மாதிரி எத்தனை பேரு இருக்காங்களோ. எங்க குரூப்ல இப்போ வர முடிஞ்சவங்க மட்டும் வாய்ஸ்ல "வர்றேன்"னு சொல்லணும்னு வெச்சிருக்கோம். மூணு செகண்டு வேலை.

காவேரிப்பட்டணம் பக்கத்து அம்மா:
கட்டைவிரலுக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லைங்க. நான் 17 பேரு வாக்கு குடுத்து ஏமாத்திட்டாங்கன்னு கணக்குப் போட்டு உக்காந்திருந்தேன்.

நேத்து சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். மொதல்ல டீ கூடக் குடுக்கல. "என்னைக் கூப்பிட்டுத் திட்டியிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன், ஊரு முன்னாடி ஏன்டி சொன்ன?"ன்னாங்க. தப்புதான்க்கான்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே, "தொட்டிக்கு மூடி சும்மா வெச்சா மறுபடி ஓணான் விழும், கம்பி போட்டுக் கட்டணும்"னாங்க. திங்கக்கிழமை ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற வழியில கட்டிட்டுப் போறாங்களாம். கட்டுக்கம்பி வாங்கி வெச்சுட்டேன். அந்தக் கையோட கட்ட விடமாட்டேன், அவங்க சொல்லச் சொல்ல நான்தான் கட்டணும்.

குரூப்ல மட்டும் இன்னும் சேரல.