புதுப்பிப்பு: வாட்ஸ்அப்பில் வந்த போலீஸ் அழைப்பு

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அக்கா மகனை, ஒரு அடிதடி வழக்கு விசாரணைக்கு வரச்சொல்லி ஸ்டேஷனிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னபடி ஈரோட்டு மனித உரிமை அமைப்பைப் போய்ப் பார்த்தோம்.

பெரிய ஆபீஸாக இருக்கும் என்று நினைத்தேன். விசைத்தறிக் கூடத்துக்கு மேல் ஒரு அறை, நாலு நாற்காலி, அவ்வளவுதான். "பயப்படாதீங்க தம்பி, எழுத்துல கேப்போமுங்க" என்றார் வக்கீலம்மா.

ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றத்தில், கைது தேவையில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவின்படி, விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் தரவேண்டும். பழைய சட்டத்தின் 41ஏ பிரிவுதான் இது. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்று 2025 ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸை மதித்துப் போகிறவரை, காரணம் எழுதிவைக்காமல் கைது செய்யவும் முடியாது. இதையெல்லாம் குறிப்பிட்டு மேலதிகாரிக்கு ஸ்பீட் போஸ்டில் மனு அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் நோட்டீஸ் வீட்டுக்கே வந்தது. வக்கீலம்மா கூடவே போனார். மாலையே பையன் திரும்பிவிட்டான். வழக்கு இன்னும் முடியவில்லை. அக்கா இப்போதுதான் சரியாகத் தூங்குகிறாள்.

ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டேன். சந்தா ரசீது புத்தகத்தை நீட்டினார்கள். சரி, நானும் உறுப்பினர் ஆகிவிட்டேன்.