விஆருக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

குவெஸ்ட் 3 என்ற விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டை யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து விமான சிமுலேட்டர் ஓட்டினால், தலையைத் திருப்பும்போது காட்சி இழுக்கிறது. பத்தே நிமிடத்தில் தலைசுற்றல். மூன்று வாரமாக இதே பாடு.

கார்டு ஆர்டிஎக்ஸ் 2060. அதன் 6 ஜிபி நினைவகம் முழுக்க நிரம்பிவிடுகிறது. ஒரு கண்ணுக்கே 2064×2208 பிக்சல் அல்லவா! பிராசஸர் ரைசன் 5 5600, 32 ஜிபி ரேம், 650 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி).

டிரைவரை முழுதாக நீக்கி மறுபடி போட்டேன், கேபிளை மாற்றினேன், திரை புதுப்பிக்கும் வேகத்தை 90 ஹெர்ட்ஸிலிருந்து 72 ஆக்கினேன். ரெசல்யூஷனைக் குறைத்தால் சீராக ஓடுகிறது, ஆனால் காக்பிட் மீட்டரில் எண்களைப் படிக்க முடியவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

இப்போது யோசிப்பது இரண்டு கார்டுகள்: 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் 220 வாட் மின்சாரம் எடுக்கும். 16 ஜிபி ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி 263 வாட். படத்தை வீடியோவாகச் சுருக்கி ஹெட்செட்டுக்கு அனுப்பும் வேலையும் கார்டுக்குத்தான். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றாமல், குவெஸ்ட் 3-க்கு இந்த இரண்டில் எதை வாங்கலாம்?