பச்சைக்குழந்தைக்கு அன்டிபயோட்டிக்: சோதனை முடிவுக்கு முன்பே ஏற்றலாமா?

கல்லடிவாசி:
என் தங்கையின் குழந்தை மூன்றாம் நாளே பால் குடிக்க மறுத்துச் சோர்ந்துவிட்டது. இரத்தச் சோதனை முடிவு வருமுன்பே ஊசி மருந்தை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். கிருமி உண்டா இல்லையா என்று தெரியாமல் கொடுப்பது எந்த நியாயம்? இப்படிக் கொடுத்துத்தானே மருந்துகள் பலிக்காமல் போகின்றன?

களுவாஞ்சிகுடித் தாதி:
தம்பி, பால் மறுப்பது, உடம்பு சில்லிடுவது, மூச்சு வேகமாவது: பச்சைக்குழந்தைக்குத் தொற்று வந்தால் வெளியே தெரிவது பெரும்பாலும் இவ்வளவுதான். பல வேளைகளில் காய்ச்சல்கூட இராது. இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை முடிய இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அதற்குள் பிள்ளை கைநழுவிவிடும். அதனால்தான் அம்பிசிலின், ஜென்டாமைசின் என்ற அன்டிபயோட்டிக்குகளை உடனே தொடங்குகிறார்கள். தொற்று இல்லையென்று தெரிந்த பிறகும் "எதற்கும் இருக்கட்டும்" என்று ஏழு நாள் இழுப்பதுதான் பிழை. அதைக் கேளுங்கள்.

கல்முனை நானா:
பிழை வைத்தியசாலையில் தொடங்கவில்லை, தங்கச்சி. மருந்துச்சீட்டில்லாமல் அன்டிபயோட்டிக் விற்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் தடிமன் என்று போய் நின்றால், அட்டையிலிருந்து நான்கு அமொக்சிசிலினைக் கத்தரிக்கோலால் வெட்டித் தரும் கடைகள் இருக்கின்றன. தடிமன் வைரஸால் வருவது. அதற்கு இந்த மருந்து எதற்கு? அந்த மருந்துக்குச் சாகாமல் மிஞ்சும் கிருமி, அதை விழுங்கிய தாயின் குடலில் தங்கி, பிரசவத்தில் பிள்ளைக்குப் போகிறது.

களுவாஞ்சிகுடித் தாதி:
அதுவும் உண்மைதான், நானா. ஆனால் எங்கள் பங்கை மறைக்க எனக்கு மனமில்லை. 11 நாடுகளின் 19 வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வு 2023 இல் வெளிவந்தது. தொற்றுக்கு உள்ளான பச்சைக்குழந்தைகளின் இரத்தத்தில் அதிகம் கண்டது கிளெப்சியெல்லா என்ற பக்டீரியா. அது கைகழுவும் தொட்டியிலும் சளி உறிஞ்சும் குழாயிலும் ஈரத்தோடு ஈரமாக இருக்கும். எங்கள் கைகளில் ஏறி அடுத்த தொட்டிலுக்குப் போகும். ஒருத்தியே பல குழந்தைகளைப் பார்க்கும் இரவில், ஒவ்வொரு முறையும் நின்று கைகழுவ நேரம் எங்கே? ஆள் வேண்டும், தண்ணீர் வேண்டும், தொட்டில்களுக்கு இடையே இடம் வேண்டும். அதற்கு மெரோபெனம் என்ற வலிமையான அன்டிபயோட்டிக்கும் பலிக்காவிட்டால் கொலிஸ்டினைத் தேட வேண்டியிருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து.

கல்முனை நானா:
ஆள் போதாது என்பதை ஏற்கிறேன். கடைக்காரரை விட்டுவிடச் சொல்வதை ஏற்கமாட்டேன்.

களுவாஞ்சிகுடித் தாதி:
விடச் சொல்லவில்லையே. இரண்டையும் பிடியுங்கள்.

கல்லடிவாசி:
உடனே தொடங்கியது சரியென்று இப்போது விளங்குகிறது, அக்கா. ஆனால் சோதனை முடிவைத் தாய்க்குச் சொல்லாமல் கோப்புக்குள் வைத்திருப்பது சரியல்ல. மருந்தை நிறுத்துவதா தொடர்வதா என்று நாளைக் காலை வைத்தியரிடம் நேராகவே கேட்கப்போகிறேன்.