ஆர்பர் லோ: அகழி ஏன் உள்ளே, கரைமேல் ஏன் புதைமேடு?

வெள்ளவத்தை அம்மா:
மகனிடம் ஷெஃபீல்ட் போயிருந்தபோது, இங்கிலாந்தின் டார்பிஷயரில் ஆர்பர் லோ என்ற பழங்காலக் கல்வட்டத்துக்குக் கூட்டிப் போனான். பண்ணை வாசலில் இருந்த பேணியில் ஆளுக்கு ஒரு பவுண்ட் போட்டுவிட்டு ஏறினோம். வட்டமாக மண்கரை, அதற்குள்ளே அகழி, நடுத்திடலில் ஐம்பதளவு சுண்ணாம்புக் கற்கள். ஏறக்குறைய எல்லாமே கல்யாண வீட்டில் களைத்த சனம் மாதிரிப் படுத்துக் கிடக்கின்றன. கல்லின் குழியில் தேங்கிய மழைத்தண்ணீரை ஒரு ஆடு நக்கிக்கொண்டு நின்றது.

யாழ்ப்பாணக் கோட்டைக்கு அகழி வெளியே. இங்கே ஏன் உள்ளே? அப்புறம், தென்கிழக்கே கரைமேலேயே பெரிய மேடு. வட்டத்தின் வடிவே கெட்டுவிட்டது. பிறகு வந்தவர்களின் புதைமேடாம். கோயில் மதிலில் யாராவது சவம் வைப்பார்களா?

குளக்கட்டு:
அகழி உள்ளே என்றால் சண்டைக்குக் கட்டியதில்லை அம்மா. எதிரி கரையில் ஏறி நின்றால் உள்ளே இருப்பவன் பாடு அதோகதிதான். நடுத்திடலை ஊரிலிருந்து பிரித்து வைக்கத்தான் வெட்டியிருப்பார்கள் என்பது என் எண்ணம். வாசலும் இரண்டுதான். வட்டம் கி.மு. 2500 அளவில், மேடு வெண்கலக் காலத் தொடக்கத்தில். 1845இல் தாமஸ் பேட்மன் என்ற பழம்பொருள் ஆய்வாளர் மேட்டைத் தோண்டியபோது எரித்த எலும்பும் இரண்டு மண்பானைகளும் கிடைத்தன. பக்கத்தில் கிப் ஹில் பார்த்தீர்களா? அது பழைய மேட்டின் மேல் இன்னொரு மேடு. 1848இல் அதே பேட்மன் அடியில் சுரங்கம் வெட்டப்போக, மேலிருந்த கற்பேழை (சவம் வைக்கும் கல் பெட்டி) சரிந்து விழுந்தது!

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
மதிலில் ஏன், கோயிலுக்கு உள்ளேயே வைப்பார்கள். கொழும்பு வுல்வெண்டால் தேவாலயத்துக்குள் போய்ப் பாருங்கள். தரையில் நடப்பதே ஒல்லாந்தர் கல்லறைக் கற்கள்மேல்தான். சோழர் பள்ளிப்படை வேறு. அரச குடும்பத்தாரின் சமாதிமேல் கோயிலையே கட்டினார்கள். ஆர்பர் லோவிலும் யாரோ பெரிய தலை, 'என்னை அங்கேதான் வைக்கவேண்டும்' என்று அடம்பிடித்திருக்கும்.

வெள்ளவத்தை அம்மா:
சரி, பெரிய தலை என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வட்டத்தை உடைத்தது பிழைதான். அந்த மேட்டில் ஏறி நின்றுதான் மகன் செல்ஃபி எடுத்தான், இப்போது மனம் உறுத்துகிறது.

குளக்கட்டு:
உள்ளே இருந்ததை 1845இலேயே எடுத்தாயிற்று, பயப்படாதீர்கள். பேட்மன் சேர்த்தவற்றில் பெரும்பகுதி ஷெஃபீல்ட் மியூசியத்துக்குத்தான் போனது.

வெள்ளவத்தை அம்மா:
ஐயோ! மூன்று கிழமை அந்த ஊரிலேயே பிட்டு அவித்துக்கொண்டு இருந்தேனே.