சிறு மனித உரிமை அமைப்புக்கு நிதி திரட்டுவது எப்படி?

கேள்வி: வந்தவாசி வாசகர்
செங்கல் சூளைகளில் முன்பணக் கடனுக்காகக் கொத்தடிமைகளாக்கப்பட்ட இருளர் குடும்பங்களை மீட்கும் சிறிய அறக்கட்டளை ஒன்றுக்குக் கணக்கெழுதுகிறேன். எங்களுக்கு வெளிநாட்டு நிதி பெறும் பதிவு இல்லை. பெரிய தொண்டு நிறுவனம் ஒன்று தான் பெற்ற வெளிநாட்டு நிதியிலிருந்து அரசின் முன் அனுமதியோடு தந்துவந்த பங்கும், வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்தோடு நின்றுபோனது. சென்ற மாதம் ஒரு தாய் விடுதலைச் சான்றுக்காகக் கைக்குழந்தையோடு நான்கு முறை கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைந்தார்; பேருந்துக் கட்டணத்தையும் மதியச் சாப்பாட்டையும் எங்கள் களப்பணியாளர் தம் சம்பளத்திலிருந்து கொடுத்தார். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1: தணிக்கையாளர், மதுரை
வெளிநாட்டு நிதி பெற்ற அமைப்பு அதை வேறு எந்த அமைப்புக்கும், பதிவு பெற்றதற்கும்கூட, இப்போது மாற்றித் தர இயலாது. இத்தடை செல்லும் என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. வழக்கறிஞர் கட்டணம், வாடகை, வாகனச் செலவு ஆகியவை விதிகளில் நிர்வாகச் செலவாகவே எண்ணப்படுவதால், கிணறு வெட்டித் தரும் அமைப்பைவிட நீதிமன்றப் படியேறும் அமைப்பைத்தான் இது அதிகம் நெருக்குகிறது. நீங்களே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் மூன்றாண்டுச் செயல்பாட்டையும், அக்காலத்தில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் பணிகளுக்குச் செலவிட்டதையும் கணக்கில் காட்ட வேண்டும்.

மறுமொழி 2: முன்னாள் திட்ட அலுவலர்
சட்டத்தின் வரையறைப்படி ஐக்கிய நாடுகள் சபை 'வெளிநாட்டு மூலம்' ஆகாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தற்கால அடிமைமுறைகளுக்கென 1991இல் பொதுச் சபை உருவாக்கிய தன்னார்வ நிதியம், பாதிக்கப்பட்டோருக்குச் சட்ட, மருத்துவ உதவிகளை நேரடியாகச் செய்யும் அமைப்புகளுக்கே மானியம் தருகிறது. தணிக்கையாளரிடம் கேட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள். நிதிக்குழு ஒன்றில் பல ஆண்டுகள் விண்ணப்பங்களைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பயிற்சி முகாம், கருத்தரங்கு என்று அலங்கரிக்காமல், அந்தத் தாயின் நான்கு பயணங்களையும் நாள்வாரியாக, செலவுக் கணக்கோடு எழுதுங்கள்.

மறுமொழி 3: சேலம் வழக்கறிஞர்
ஒரே ஊற்றை நம்பியிருப்பது ஆபத்து. எத்தியோப்பியாவில் 2009ஆம் ஆண்டுச் சட்டம், உரிமைப் பணி செய்யும் உள்நாட்டு அமைப்புகள் வருவாயில் 10 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து பெறக் கூடாதென்றது. அங்குள்ள மனித உரிமைப் பேரவை தன் கிளைகள் பலவற்றை மூட வேண்டியதாயிற்று. அச்சட்டம் மாறியது 2019இல்தான். நம் ஊரில் அன்னதானத்துக்கு மனமுவந்து கொடுப்பவர்கள் வழக்குச் செலவென்றால் தயங்குகிறார்கள் என்பது வருத்தமான உண்மை. ஆயினும் வழக்கறிஞர் சங்கத்திலும் ஆசிரியர்களிடமும் மாதம் 200 ரூபாய் கேட்டுப் பாருங்கள். எங்கள் பகுதியில் 40 பேர் தருகிறார்கள்.

வந்தவாசி வாசகர்
மூவருக்கும் நன்றி. மூன்றாண்டுச் செலவைக் கூட்டிப் பார்த்தேன். 11 லட்சம்தான் வருகிறது, ஆகவே பதிவுக்கு இப்போது வழியில்லை. நிதிய விண்ணப்பத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். திங்கட்கிழமை வழக்கறிஞர் சங்கத்துக்குப் போகிறேன்.