செஸ் ரேட்டிங் நகரவே இல்லை: பிறவித் திறமை போதவில்லையா, பயிற்சி முறை தவறா?

வேளச்சேரி அம்மா:
பத்து வயதுப் பெண். ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) கிளாசிக்கல் (நீண்ட நேர ஆட்ட) ரேட்டிங் 1510-லேயே நிற்கிறது. தினமும் இரண்டு மணி நேரம் ஆன்லைனில் ஆடுகிறாள். பெரும்பாலும் 3 நிமிட பிளிட்ஸ் (அதிவேக ஆட்டம்), மீதி நேரம் புதிர்கள். ஓப்பனிங் (ஆட்டத் தொடக்க நகர்த்தல்) வரிசைகள் நிறைய மனப்பாடம். “கணக்குப் போடுற மூளை பிறப்பிலேயே வரணும், இவளுக்கு இவ்வளவுதான்” என்கிறார் சொல்லித் தருபவர். நேரத்தைக் கூட்டலாமா, முறையை மாற்றலாமா? அறிவு வளரும் என்று நம்பித்தான் செஸ்ஸில் சேர்த்தோம். அதாவது உண்மையா?

அறுபத்துநாலு:
பத்து வயதில் 1510-ஐ வைத்துக்கொண்டு அப்படித் தீர்ப்பு எழுத எந்த ஆதாரமும் கிடையாது அம்மா. 18 வயதுக்குள், 2300-க்குக் கீழே இருப்பவர்களுக்கு கே மதிப்பு (ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 40. சம ரேட்டிங் உள்ளவரை வென்றால் 20 புள்ளி ஏறும், தோற்றால் 20 இறங்கும். ஒரே டோர்னமென்டில் 80, 100 புள்ளி மேலும் கீழும் போகும். எதிரே உட்காரும் பிள்ளைகளும் வேகமாக வளர்கிறவர்கள். அவர்களோடு ஆடி அதே எண்ணில் நிற்பதும் ஒரு வளர்ச்சிதான்.

திறமையா பயிற்சியா என்பதற்கு வருகிறேன். 1973-ல் உளவியல் ஆய்வாளர்கள் சேஸ், சைமன் இருவரும் ஆட்டத்தின் நடுவில் இருந்த பலகையை 5 விநாடி காட்டி, நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் சுமார் 16 காய்களைச் சரியாக வைத்தார், புதியவர் 4. காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டியபோது மாஸ்டரின் அனுகூலம் ஏறக்குறைய காணாமல் போனது. ஆக, அது பொதுவான ஞாபகசக்தி இல்லை. ஆடி ஆடிச் சேர்ந்த அமைப்புகள்.

அதற்காக எல்லாம் உழைப்புதான் என்றும் சொல்ல மாட்டேன். அர்ஜென்டினா ஆட்டக்காரர்களை கோபே, காம்பிடெல்லி ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார்கள். மாஸ்டர் நிலையை ஒருவர் ஏறத்தாழ 3,000 மணி நேரத்தில் தொட்டார், இன்னொருவருக்கு 23,000-க்கு மேல் ஆனது. ஹங்கேரியின் போல்கார் சகோதரிகள் மூவரும் ஒரே வீட்டில், ஒரே அப்பாவிடம் கற்றவர்கள். யூடித் 1991-ல், 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆகி, பின்னர் உலகின் முதல் பத்துக்குள் வந்தார். சோஃபியா, கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழே உள்ள இன்டர்நேஷனல் மாஸ்டரோடு நின்றார். அதுவே எவ்வளவு பெரிய உயரம்! பிறவிக் கூறு வேகத்தையும் உச்சியையும் தொடுகிறது என்பதே என் முடிவு. ஆனால் 1500-ல் நிற்கும் பிள்ளையைத் தடுப்பது அந்த உச்சி இல்லை.

கறுப்பு மந்திரி:
தடுப்பது அந்த பிளிட்ஸ். மூன்று நிமிடத்தில் 40 நகர்த்தல் என்றால் ஒன்றுக்கு நாலரை விநாடி. ஏற்கெனவே தெரிந்தது மட்டும்தான் கையில் வரும், தவறும் சேர்ந்து பழகிவிடும். இரண்டு மணி நேரமே போதும், உள்ளே இருப்பதை மாற்றுங்கள்.

அரை மணி புதிர், ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். காயைத் தொடும் முன் எதிராளியின் சிறந்த பதிலையும் சேர்த்து முழு வரிசையையும் தாளில் எழுத வேண்டும். முதல் நகர்த்தல் சரி, பதில் எழுதவில்லை என்றால் அது தவறுதான். பத்தில் ஏழெட்டு சரியாக வரும் கடினம் போதும். அதற்கு மேல் கடினமானால் பிள்ளைகள் ஊகிக்க ஆரம்பிப்பார்கள். தவறியவற்றைத் தனி நோட்டில் ஒட்டி 3 நாள், ஒரு வாரம், ஒரு மாதம் கழித்து மறுபடி போடச் சொல்லுங்கள்.

அடுத்த 50 நிமிடம், அவள் ஆடிய நீண்ட ஆட்டம் ஒன்று. இதுதான் உயிர்நாடி, இதைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள். எஞ்சின் (நகர்த்தல்களை மதிப்பிடும் செஸ் நிரல்) மூடியே இருக்கட்டும். அதிகம் யோசித்த இடம், எதிராளி அதிர வைத்த இடம் என மூன்றைக் குறித்து, அப்போது என்ன நினைத்தாள் என்று எழுதட்டும். பிறகு தவறுகளை வகைப்படுத்துங்கள்: மிரட்டலைக் கவனிக்காதது, கணக்குப் பிசகு, நேர நெருக்கடி, திட்டமில்லாமை. பத்து ஆட்டத்தில் ஒரு வகை மட்டும் நிரம்பும். இந்த ரேட்டிங்கில் அநேகமாக முதல் வகை. அதற்கு மருந்து, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன் எதிராளிக்கு என்ன செக், என்ன வெட்டு, என்ன மிரட்டல் இருக்கிறது என்று பார்ப்பது.

மீதியில் எண்ட்கேம் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டம்). ராஜா-சிப்பாய் ஆட்டத்தில் ஆப்போசிஷன் (ராஜாக்கள் எதிரெதிரே நிற்பது), பிறகு யானை எண்ட்கேமில் லூசேனா (சிப்பாய் கூடுதலாக உள்ளவர் வெல்லும் நிலை), ஃபிலிடோர் (சிப்பாய் குறைந்தவர் டிரா பிடிக்கும் நிலை). ஃபிலிடோரில் தற்காக்கும் யானை தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையை விடக்கூடாது. எதிரிச் சிப்பாய் அந்த வரிசைக்குள் வந்த பிறகுதான் யானை பலகையின் மறுகோடிக்கு ஓடிப் பின்னாலிருந்து செக் கொடுக்கும். முந்தினால் எதிரி ராஜா தன் சிப்பாய்க்கு முன்னால் புகுந்து செக்கிலிருந்து ஒளிந்துகொள்வார். இதைப் படித்தால் போதாது. எஞ்சினோடு இரு பக்கமும் ஆடி, டிரா பிடிக்கும் வரை விடாதீர்கள்.

ஓப்பனிங்குக்கு வாரம் அரை மணி. பிளிட்ஸுக்குப் பதில் 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூட்டும் ஆட்டம் வாரம் மூன்று.

வேளச்சேரி அம்மா:
எஞ்சின் இல்லாமல் சரி தவறு எப்படித் தெரியும் சார்?

கறுப்பு மந்திரி:
கடைசிப் பத்து நிமிடம் திறக்கலாம். எஞ்சினின் கணிப்பை அவள் எழுதியதோடு ஒப்பிட்டு, ஒரு சிப்பாய் மதிப்புக்கு மேல் விலகும் இடங்களை மட்டும் பாருங்கள். முதலிலேயே திறந்தால் விடை கிடைக்கும், யோசிக்கும் வேலை நடக்காது. பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, குகேஷை கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை எஞ்சின் இல்லாமல்தான் தயார் செய்தார். 2024-ல் 18 வயதில் உலக சாம்பியன்.

நிலாமுற்றம்:
அறிவு வளருமா என்ற கேள்விக்கு. 1980-ல் சேஸும் எரிக்சனும் ஒரு கல்லூரி மாணவருக்கு இலக்கங்களை நினைவில் வைக்கப் பயிற்சி தந்தார்கள். சுமார் 230 மணி நேரத்தில் 7 இலக்கத்திலிருந்து 79-க்குப் போனார். எழுத்துக்களைக் கொடுத்தபோது ஆறுதான். பயிற்சி பெற்ற இடத்தில்தான் பலன் தங்கியது. செஸ்ஸிலும் அதே கதை. இங்கிலாந்தில் நூறு தொடக்கப் பள்ளிகளில் நடந்த சோதனையின் முடிவு 2016-ல் வந்தது. ஓராண்டு செஸ் வகுப்பு கணித மதிப்பெண்ணை உயர்த்தியதற்குச் சான்று இல்லை. கணக்கு வரவேண்டுமானால் கணக்குத்தான் போடவேண்டும்.

அதே 2016-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நுண்ணறிவுக்கும் செஸ் திறனுக்கும் உள்ள தொடர்பு மிதமானது, தொடக்க நிலையிலும் சிறுவர்களிடமும் சற்றுக் கூடுதல். அதனால் சில பிள்ளைகள் ஆரம்பத்தில் பாய்ந்து ஓடுவது போலத் தெரியும். பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடாமல், கறுப்பு மந்திரி பிரித்த தவறுகளில் முதல் வகை மாதாமாதம் குறைகிறதா என்று பாருங்கள். ரேட்டிங் அதற்குப் பிறகுதான் அசையும்.